ரீயூனியனில் வாடகைக் காரில் விபத்தா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

காவடி பார்க்க, கும்பாபிஷேகத்துக்கு, கச்சேரிக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்று ரீயூனியன் வரும் நம்மவர்கள் பெரும்பாலும் வாடகைக் கார்தான் எடுக்கிறார்கள். தீவு முழுக்க மலை. மாலைக்கு மேல் பஸ் குறைவு. வேறு வழியும் இல்லை.

நான் இங்கே வந்த புதிதில், சேன் ஆந்த்ரே பக்கம் ஒரு ரவுண்டானாவில் என் வாடகைக் காரை இன்னொரு கார் பக்கவாட்டில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதன் பிறகு தாள், கட்டணம், கடிதம், காத்திருப்பு என்று மாதக்கணக்கில் அலைந்தேன். முன்கூட்டியே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் அதில் பாதி மிச்சமாகியிருக்கும்.

விபத்துக்குப் பிறகு பணம் யார் தலையில் விழும் என்பதை, ரோட்டோரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒரே ஒரு தாள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதன் பெயர் கோன்ஸ்தா, இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் விபத்து அறிக்கை. இந்தக் கட்டுரையில் கணிசமான பகுதி அந்தத் தாளைப் பற்றியே இருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் நேராக 4ஆம் பகுதிக்குப் போங்கள்.

1. கார் எடுக்கும் அன்றே செய்ய வேண்டியவை

ரீயூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி. போக்குவரத்துச் சட்டமும் பிரெஞ்சுச் சட்டம்தான்; வண்டி ஓடுவது வலது பக்கம். உங்கள் லைசென்ஸ் பிரெஞ்சில் இல்லையென்றால் கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும். இந்தியாவில் இந்த அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது. அரசுக் கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். இது இல்லாமலும் சில இடங்களில் சாவி கொடுத்துவிடுவார்கள். அதை நம்பி ஓட்டாதீர்கள். விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான்.

வண்டியை ஓட்டப்போகும் எல்லோருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். "கொஞ்ச தூரம் மச்சான் ஓட்டட்டும்" என்று ஸ்டீயரிங்கைக் கொடுத்து, அந்தக் கொஞ்ச தூரத்தில் இடித்தால் மொத்தச் செலவும் உங்களுடையதாகிவிடும்.

டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து பாருங்கள். நிரப்பாத கோன்ஸ்தா படிவம், வண்டியின் பதிவுத்தாள், காப்பீட்டு விவரத்தாள் மூன்றும் இருக்க வேண்டும். முன்பு காரின் முன்கண்ணாடியில் பச்சைச் சீட்டாகக் காப்பீடு ஒட்டியிருக்கும். 2024 ஏப்ரல் 1 முதல் அது இல்லை, ஆகவே கண்ணாடியில் தேடிப் பயனில்லை. மின்னும் மேலங்கியும் முக்கோண எச்சரிக்கைப் பலகையும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம்; இல்லையென்றால் 135 யூரோ அபராதம். மேலங்கி டிக்கியில் கிடந்தால் எடுத்துக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், இறங்கும் முன் போட வேண்டியது அது.

பிறகு வண்டியைச் சுற்றி வந்து, நான்கு சக்கரம், கண்ணாடிகள், பம்பரின் அடிப்பாகம், கூரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல் ஒவ்வொன்றும் அவர்கள் தரும் வண்டி நிலைத்தாளில் குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். கவுன்டரில் கூட்டம், வெயில், தூக்கம் என்று இதைத் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. கோன்ஸ்தா ஐரோப்பா முழுக்க ஒரே அமைப்பில் வரும் படிவம். எந்த மொழியில் இருந்தாலும் கட்ட எண்கள் மாறாது. ஆங்கிலப் பிரதி ஒன்றை இணையத்தில் எடுத்து அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். பிரெஞ்சுத் தாளில் 12ஆம் கட்டம் என்ன கேட்கிறதோ, ஆங்கிலத் தாளில் 12ஆம் கட்டமும் அதையேதான் கேட்கும். என்னைக் காப்பாற்றியது அந்தப் பிரதிதான்.

2. இடித்தவுடன்

எவ்வளவு சின்ன இடியாக இருந்தாலும் நிற்காமல் போகக் கூடாது. அது குற்றம். எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள், மேலங்கியை மாட்டுங்கள், அப்புறம் இறங்குங்கள். சாதாரண ரோட்டில் வண்டிக்குக் குறைந்தது 30 மீட்டர் பின்னால் முக்கோணத்தை வையுங்கள். சேன் போலிலிருந்து தெற்கே போகும் தமரின் சாலை போன்ற நான்குவழிச் சாலையில் முக்கோணம் வைக்கிறேன் என்று வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே நடக்க வேண்டாம். எல்லோரையும் ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள்.

மருத்துவ உதவிக்கு 15, போலீஸ் அல்லது ஜாந்தார்மெரிக்கு (ஊர்ப்புறங்களில் போலீஸ் வேலை பார்க்கும் படை) 17, தீயணைப்பு மற்றும் மீட்புக்கு 18. எதுவும் ஞாபகம் வரவில்லையென்றால் 112.

ஆபத்து இல்லையென்றால், வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள். இரண்டு வண்டியும் ரோட்டில் நிற்கும் நிலை, தரையில் உள்ள கோடுகள், அருகிலுள்ள பலகைகள், எதிர் வண்டியின் நம்பர் பலகை எல்லாம் தெரிய வேண்டும். நசுங்கிய இடத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த பத்துப் படத்தைவிட, தள்ளி நின்று சாலை முழுவதும் தெரிய எடுத்த ஒரு படம் உதவும்.

3. போலீஸ் வருமா?

யாருக்காவது அடிபட்டிருந்தால் கட்டாயம் கூப்பிட வேண்டும், வருவார்கள். ஓட்டுநர்களுக்கு மதுச் சோதனையும் போதைப்பொருள் சோதனையும் நடக்கும். ரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அதை எட்டினால் வழக்கு ஒருபுறம், வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பும் போய்விடும்.

வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் பொதுவாகப் போலீஸ் வந்து அறிக்கை எழுதாது. இரு ஓட்டுநர்களும் கோன்ஸ்தா எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான். நம் ஊர் வழக்கத்தில் போலீஸ் வரட்டும் என்று ரோட்டோரம் மணிக்கணக்கில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிராளி குடித்திருக்கிறார், மிரட்டுகிறார், அடையாளம் காட்ட மறுக்கிறார், ஓடப் பார்க்கிறார் என்றால் மட்டும் 17ஐக் கூப்பிடுங்கள்.

4. கோன்ஸ்தா: கட்டம் கட்டமாக

ஒரு விபத்துக்கு ஒரு படிவம். மேல் தாளில் எழுதுவது கார்பன் வழியாகக் கீழ்த் தாளில் விழும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுத வேண்டும். இடது பக்கம் நீலம், அது வண்டி ஏ. வலது பக்கம் மஞ்சள், அது வண்டி பி. யார் எந்தப் பக்கம் என்பதால் லாபமோ நஷ்டமோ இல்லை.

1 முதல் 5 வரை பொது விவரங்கள். தேதி, நேரம், இடம், காயம் உண்டா, வேறு பொருளுக்குச் சேதம் உண்டா, சாட்சிகள். 3ஆம் கட்டத்தில் காயம் பற்றிக் கேட்கும். லேசான கழுத்து வலி இருந்தாலும் "இல்லை" என்று குறிக்காதீர்கள். சாட்சியின் பெயரையும் முகவரியையும் அங்கேயே வாங்கி 5ஆம் கட்டத்தில் எழுதிவிடுங்கள். பிறகு தேடிப் பிடிப்பது நடக்காத காரியம்.

6ஆம் கட்டம் காப்பீடு எடுத்தவர் பெயர். வாடகைக் காரில் அது நீங்கள் இல்லை, வாடகைக் கம்பெனி. உங்கள் பெயர் 9ஆம் கட்டத்தில், ஓட்டுநர் என்ற இடத்தில் வரும். பலரும் இங்கே குழம்பி இரண்டிலும் தங்கள் பெயரை எழுதிவிடுகிறார்கள். 7இல் வண்டி விவரம், 8இல் காப்பீட்டுக் கம்பெனி. இரண்டையும் டேஷ்போர்டு பெட்டியில் உள்ள தாளைப் பார்த்து அப்படியே எழுதலாம். எதிராளியின் 8ஆம் கட்டத்தை அவர் சொல்லக் கேட்டு எழுதாமல், அவருடைய காப்பீட்டுத் தாளையே வாங்கிப் பார்த்துச் சரிபாருங்கள். அந்தத் தாளைப் படமும் எடுங்கள்.

10இல் முதலில் எங்கே இடித்தது என்று அம்புக்குறி. 11இல் கண்ணுக்குத் தெரியும் சேதம்.

இப்போது 12. தாளின் நடுவில் நீளமாக, 17 சூழ்நிலைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் ஏ வண்டிக்கு ஒரு சின்னக் கட்டம், வலப்பக்கம் பி வண்டிக்கு ஒரு சின்னக் கட்டம். உங்களுக்குப் பொருந்துவதில் பெருக்கல் குறி போட வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிகள் யார் பொறுப்பு என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்தக் குறிகளை வைத்துத்தான். சிலவற்றை மட்டும் சொல்கிறேன், அதிகம் வம்பு வருவது இவற்றில்தான்:

வரி 6 என்றால் ரவுண்டானாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். வரி 7 என்றால் ஏற்கெனவே ரவுண்டானாவில் ஓடிக்கொண்டிருந்தார். உள்ளே ஓடும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, நுழைபவர் நின்று வழிவிட வேண்டும். ஒரு வரி தள்ளிக் குறி விழுந்தால் குற்றம் இடம் மாறிவிடும். என் விபத்தில் நான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தேன். எதிர் ஓட்டுநர், என்னைவிட வயதில் மூத்த நல்ல மனிதர், உதவுகிறேன் என்று இரண்டு பக்கத்தையும் தானே நிரப்பித் தந்தார். என் பக்கத்தில் 6இல் குறி இருந்தது. ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, வரி எண்ணை விரலால் காட்டினேன். அவர் மறுபேச்சில்லாமல் அடித்துத் திருத்தினார். கையெழுத்துக்கு முன் என்பதால்தான் அது முடிந்தது.

வரி 8, ஒரே வரிசையில் போகும் வண்டியைப் பின்னாலிருந்து இடித்தது. வரி 10, வரிசை மாறியது. வரி 14, பின்னோக்கி வந்தது. வரி 15, எதிர்ப்பக்கத்துக்குள் புகுந்தது. சிலாவோஸ் போகும் மலைப்பாதையில், 400க்கும் மேற்பட்ட வளைவுகளில் இதுதான் சண்டை. வரி 16, சந்திப்பில் வலப்பக்கமிருந்து வந்தது. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை என்பதை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்கள் மறக்கவே கூடாது. சின்னத் தெருவிலிருந்து வந்தாலும் அவருக்குத்தான். வரி 17, முன்னுரிமைப் பலகையையோ சிவப்பு விளக்கையோ மதிக்காதது. உங்கள் பக்கத்தில் 17இல் குறி இருந்தால், அது உண்மையா என்று நன்றாக யோசித்துவிட்டே பேனாவைத் தொடுங்கள்.

17 வரிக்கும் கீழே, எத்தனை கட்டத்தில் குறி போட்டோம் என்று எண் எழுத ஓர் இடம் உண்டு. காலியாக விடாதீர்கள். அந்த எண் இருந்தால் பிறகு யாரும் ஒரு குறியைக் கூடுதலாகச் சேர்க்க முடியாது.

13இல் வரைபடம். அழகு வேண்டாம். கோடுகள், பலகைகள், இரண்டு வண்டியும் போன திசைக்கு அம்பு, இடித்த இடம், சாலையின் பெயர். 12இல் உள்ள குறிகளும் வரைபடமும் ஒன்றையொன்று மறுக்கக் கூடாது.

14 உங்கள் குறிப்பு. எதிராளி சொல்வதை நீங்கள் ஏற்கவில்லையென்றால் எழுத வேண்டிய இடம் இது. "ஜ ந ஸ்வி பா தக்கோர்" என்றால் நான் உடன்படவில்லை. இதைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதித் தரும்படி தெரிந்தவரிடம் கேட்டு, முன்கூட்டியே போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாலும் பரவாயில்லை, வெறுமையாக விடுவதற்கு அது மேல்.

15 கையெழுத்து. இரண்டு பேரும் போட்ட பிறகு தாளைப் பிரித்து ஆளுக்கு ஒன்று. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. அதன் பிறகு முன்பக்கத்தில் ஒரு புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது. பிரிக்கும் முன் முழுத் தாளையும் படம் எடுங்கள்.

போனில் நிரப்பும் இ-கோன்ஸ்தா என்ற ஆப்பும் உண்டு, காயமில்லாத விபத்துக்கு மட்டும். பிரெஞ்சு சரளமாக வராதவர்களுக்கு நான் காகிதத்தையே சொல்வேன். விரலால் வரி எண்ணைக் காட்டிப் பேச முடிகிறதே.

எதிர்க் காரில் முருகன் படம் தொங்கலாம், இறங்கி வருபவர் நெற்றியில் திருநீறு இருக்கலாம். தமிழில் பேசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த நம் வம்சாவளியினர் வீட்டில் பேசுவது கிரியோல், எழுதுவது பிரெஞ்சு. ஆனால் அன்பானவர்கள், நிதானமாகக் கேட்டால் காத்திருப்பார்கள். கோயில்களில் நம் ஊரிலிருந்து வந்த குருக்கள், நடன ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வந்த முதல் நாளே அவர்களில் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் ரோட்டிலிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் பேசவையுங்கள்.

5. மறுத்தால், ஓடிவிட்டால்

கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் உங்கள் பக்கத்தை நிரப்புங்கள், அவருடைய நம்பர் பலகையை எழுதுங்கள், 14ஆம் கட்டத்தில் கையெழுத்திட மறுத்தார் என்று குறியுங்கள், நீங்கள் மட்டும் கையெழுத்திடுங்கள். நம்பர் பலகையை வைத்தே காப்பீட்டுக் கம்பெனியைக் கண்டுபிடித்துவிட முடியும்.

ஓடிவிட்டாலும், நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தாலும், போலீஸிலோ ஜாந்தார்மெரியிலோ புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: எதிராளி யாரென்று தெரியாத சேதத்தை வாடகைக் கம்பெனிகள் பொதுவாக உங்கள் கணக்கில்தான் எழுதும்.

6. வாடகைக் கம்பெனிக்குச் சொல்வது

பிரெஞ்சுச் சட்டப்படி விபத்தைக் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிவிக்க 5 வேலை நாள் உண்டு. உங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. காப்பீடு வாடகைக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, அவர்கள் ஒப்பந்தத்தில் இதைவிடக் குறுகிய கெடு போட்டிருப்பார்கள். அன்றைக்கே போன் செய்யுங்கள். கோன்ஸ்தாவையும் படங்களையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், அப்போதுதான் அனுப்பிய தேதிக்குச் சாட்சி இருக்கும். மூலத் தாளைக் கவுன்டரில் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டோம் என்று நகலில் முத்திரை வாங்குங்கள். பல அலுவலகங்கள் மத்தியானம் பூட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம்.

வண்டி ஓடாத நிலையில் இருந்தால் ஒப்பந்தத்தில் உள்ள உதவி எண்ணை மட்டும் கூப்பிடுங்கள். நீங்களாக இழுவை வண்டி பிடித்தால் அந்தப் பில் உங்களுடையது. மாற்றுக் கார் தானாக வரும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

சேதமான வண்டியை ராத்திரியில் சாவிப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள். நேரம் ஒதுக்கி, ஆள் இருக்கும்போது ஒப்படையுங்கள். அப்போது நீட்டும் சேதப் பட்டியலில் உங்களுக்கு உடன்பாடில்லாதது இருந்தால், கையெழுத்துக்கு மேலே "சூ ரெசர்வ்" என்று எழுதிப் போடுங்கள். முழுவதையும் ஏற்கவில்லை என்பதற்கு அடையாளம் அது.

7. பணம்

மூன்று தொகைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோசியோன் என்பது கார் எடுக்கும்போது உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்துவைக்கும் டெபாசிட். ஃப்ரான்ஷீஸ் என்பது சேதத்தில் உங்கள் பங்காக நிர்ணயித்த உச்ச வரம்பு. அது 1000 யூரோ என்று வைத்துக்கொண்டால், 600 யூரோ சேதத்துக்கு 600, 3000 யூரோ சேதத்துக்கு 1000. இது போக, கோப்புச் செலவு என்று ஒரு கட்டணம் தனியாக எடுப்பார்கள்.

"எல்லாம் கவர் ஆகும்" என்று கவுன்டரில் விற்கும் கூடுதல் பாதுகாப்பு ஃப்ரான்ஷீஸைக் குறைக்கவோ நீக்கவோ செய்யும். ஆனால் டயர், கண்ணாடி, அடிப்பாகம், கூரை பல ஒப்பந்தங்களில் விலக்கு. மலைப்பாதையில் கல் விழும் இந்தத் தீவில் கண்ணாடிக்கு விலக்கு என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். எரிமலைக்குப் போகிறவர்கள் பிளேன் தே சாப்ல் பகுதியின் கரடுமுரடான மண்பாதையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

குற்றம் முழுக்க எதிராளியுடையது, அவர் யாரென்றும் தெரியும் என்றால், எடுத்த ஃப்ரான்ஷீஸ் பொதுவாகத் திரும்பி வரும். ஆனால் முதலில் எடுத்துவிடுவார்கள். என் விஷயத்திலும் அப்படித்தான். வாரம் தவறாமல் மின்னஞ்சல் போட்ட பிறகுதான், மாதங்கள் கழித்துத் திரும்பியது. எந்தத் தொகை எடுத்தாலும் பழுதுபார்ப்பு மதிப்பீட்டையோ பில்லையோ கேளுங்கள். தாள் இல்லாத தொகையை எழுத்தில் மறுங்கள்.

8. அடிபட்டிருந்தால்

வலி குறைவு என்று விமானம் ஏறிவிடாதீர்கள். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்து முதல் மருத்துவச் சான்றிதழ் வாங்குங்கள். சேன் தெனியிலும் சேன் பியேரிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகள் உள்ளன. பயணக் காப்பீட்டின் 24 மணி நேர எண்ணுக்கும் உடனே சொல்லிவிடுங்கள். பில், மருந்துச் சீட்டு எதையும் எறியாதீர்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: 1985 ஜூலை 5ஆம் தேதிச் சட்டப்படி, காரில் உட்கார்ந்து வந்த பயணி, நடந்துபோனவர், சைக்கிளில் வந்தவர் ஆகியோருக்கு ஏற்பட்ட உடல் காயத்துக்கு, ஓட்டுநர்களில் யார் தப்பு என்ற சண்டை முடியும்வரை காத்திருக்காமல் இழப்பீடு உண்டு. நீங்கள் ஓட்டிய காரில் அம்மாவுக்கு அடிபட்டால் அம்மாவும் கேட்கலாம். வெளிநாட்டவர் என்பது தடையில்லை. காப்பீட்டுக் கம்பெனி 8 மாதத்துக்குள் ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். ஓட்டுநரின் காயத்துக்கு மட்டும் அவருடைய தப்பின் அளவைப் பார்ப்பார்கள். முதலில் வரும் தொகைக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம், வக்கீலைக் கேளுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தது, ஆளைக் காவலில் வைத்தார்கள் என்ற அளவுக்குப் போனால் இந்தியர்களுக்கு சேன் தெனியில் துணைத் தூதரகம் இருக்கிறது.

9. ஊருக்குத் திரும்பிய பிறகு

உங்கள் பயணக் காப்பீட்டில் வாடகைக் கார் ஃப்ரான்ஷீஸுக்கும் பாதுகாப்பு இருக்கலாம், பாலிசியைப் பாருங்கள். அங்கே ஒரு சிக்கல் வரும். "எஃப்.ஐ.ஆர். நகல் அனுப்புங்கள்" என்பார்கள். வண்டிச் சேதத்துக்கு மட்டும் இங்கே போலீஸ் அறிக்கை கிடையாது என்பதை ஒரு கடிதமாக எழுதி, கோன்ஸ்தா, வாடகை ஒப்பந்தம், புறப்படும்போதும் ஒப்படைக்கும்போதும் போட்ட வண்டி நிலைத்தாள்கள், பழுதுபார்ப்பு பில், பணம் எடுத்ததைக் காட்டும் கார்டு அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

போன் பேச வேண்டுமென்றால் நேர வித்தியாசம் ஒன்றரை மணி. சென்னையில் மாலை 5.30 என்றால் இங்கே 4.

வாடகைக் கம்பெனியோடு தகராறு என்றால் முதலில் எழுத்துப்பூர்வமான புகார். இரண்டு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஒப்பந்தத்திலோ அவர்கள் இணையதளத்திலோ பெயர் குறிப்பிட்டிருக்கும் நுகர்வோர் சமரசரிடம் போகலாம். நுகர்வோருக்கு அது இலவசம். முதல் புகார் எழுதிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.